வெள்ளை அடுப்படியும் எங்க ஊர்க் கல்லும்

போன செவ்வாய்க்கிழமை கரும்புக்குள்ள நின்னு சோகை உரிச்சுக்கிட்டு இருந்தேன். சட்டைப் பையில போன் விடாம அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. யாருக்கோ என்னமோ ஆச்சுன்னு பதறிப்போய், கையில இருந்த அரிவாளை வரப்புல போட்டுட்டு எடுத்துப் பார்த்தா வாட்ஸ்அப்புல பதினேழு போட்டோ. பதினேழும் கல்லு. பதினேழும் வெள்ளை.

அனுப்பினது என் தம்பி மகள். சென்னையில வேலை, மாப்பிள்ளைக்கும் அங்கதான். பதினஞ்சு வருசப் பழைய அபார்ட்மெண்ட்ல ஒரு வீட்டை பேங்க் கடன் போட்டு வாங்கியிருக்காங்க. குடிபோறதுக்கு முன்னாடி அடுப்படியை மட்டும் மாத்துறாங்களாம்.

"பெரியப்பா, கிச்சன் ஃபுல்லா ஒயிட். மேடைக்கு எந்தக் கலர் கல்லு போட்டா எடுப்பா இருக்கும்? உங்களுக்குத்தான் கல்லைப் பத்தித் தெரியுமே."

தெரியும்தான். மேலூர்ப் பக்கம் பிறந்தவன் நெல்லைப் பத்தித் தெரியாம இருந்தாலும் இருப்பான், கல்லைப் பத்தித் தெரியாம இருக்க முடியாது. சரி, இப்ப அங்க என்ன கல்லு கிடக்குன்னு ஒரு போட்டோ அனுப்பு தாயின்னு கேட்டேன். பதினெட்டாவதா அது வந்துச்சு. விரலை வச்சு பெருசாக்கிப் பார்த்தேன். சாம்பல் ஓடுன வெள்ளை. அதுல மாதுளை முத்தைச் சிந்தின மாதிரி அங்கங்க செவப்புப் புள்ளி.

அப்படியே வரப்புல உக்காந்துட்டேன். அது எங்க ஊர்ப் பக்கத்துக் கல்லு.

கடைக்காரங்க அதுக்கு வச்ச பேரு 'காஷ்மீர் ஒயிட்'. காஷ்மீருக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வெட்டினது மேலூர் தாலுகாவுல. அந்தச் செவப்புப் புள்ளி கார்னெட். மதுரைக்காரன் கல்லுன்னு சொன்னா வெளிநாட்டுக்காரன் வாங்க மாட்டான்னு நினைச்சானோ என்னமோ, பனி பெய்யிற ஊர்ப் பேரை வச்சு வித்துட்டான்.

"இந்தக் கல்லுக்கு என்ன குறைச்சல்?"னு கேட்டேன். டிசைன் பண்றவரு பார்த்துட்டுச் சொன்னாராம்: மஞ்சள் அடிக்குது, புது வெள்ளையோட சேராது, அடுப்புக்குப் பக்கத்துல எண்ணெய்க் கறை வேற இருக்கு, உடைச்சு எடுத்துட்டு வெள்ளை குவார்ட்ஸ் போட்டுருங்க, ஒரே நாள் வேலை.

அவளுக்குப் பதில் எழுத ஆரம்பிச்சேன். அது வாட்ஸ்அப்புக்குள்ள அடங்கல. பட்டணத்துல இருக்கிற நீங்களும் இதே கேள்வியோட எங்கயாவது கடை கடையா ஏறி இறங்கிக்கிட்டு இருப்பீங்க. அதனால இங்கயே எழுதிடுறேன்.

முதல்ல அந்தப் பதினேழு போட்டோவைப் பத்தி. ஒவ்வொன்னுலயும் மேடை மேல என்ன இருந்துச்சுன்னு எண்ணிப் பார்த்தேன். ஒரு மரத்தட்டு. ஒரு கண்ணாடிச் சாடியில பச்சை இலை. மூணு எலுமிச்சம்பழம். அம்புட்டுத்தான். குக்கர் இல்ல, மிக்ஸி இல்ல, அஞ்சறைப்பெட்டி இல்ல, எண்ணெய்த் தூக்கு இல்ல. ஊறவச்ச புளி இல்ல. முதல் நாள் ராத்திரி ஆட்டிவச்ச மாவு பொங்கி வழியல. அந்த மேடையில இதுவரைக்கும் ஒருத்தரும் சமைக்கல. சமைக்காத மேடை எந்த நிறத்துல இருந்தாலும் அழகாத்தான் இருக்கும். அதை வச்சு நம்ம மேடைக்கு நிறம் தேடுறது, கல்யாண மண்டப வாசல்ல நிக்கிற பொம்மையைப் பார்த்துப் பொண்ணு தேடுற கதை.

நான் வெள்ளைக்கு எதிரி இல்ல. எங்க அப்பத்தா காலத்து அடுப்படியும் வெள்ளைதான். தைப் பொங்கலுக்கு முந்தி சுண்ணாம்பைத் தாளிச்சு, தென்னமட்டைய நைச்சு தூரிகை மாதிரி ஆக்கி, சுவரெல்லாம் அப்பத்தாவே அடிக்கும். சுண்ணாம்பு அடிச்ச அன்னைக்கு அந்த அடுப்படியில விளக்கே வேண்டாம், அம்புட்டு வெளிச்சம். ஆனா அடுப்பும் அடுப்பைச் சுத்தின திண்டும் செம்மண்ணும் சாணியும் போட்டு மெழுகினது. சுவரோட அடியில ஒரு முழ உசரத்துக்கு செம்மண் பட்டை. வெள்ளையை அது மேல வச்சுச்சு, கையும் கரியும் எண்ணெயும் படுற இடத்துல மண்ணு நிறத்தை வச்சுச்சு. வெள்ளை அடுப்படிக்கு மேடை என்ன நிறத்துல இருக்கணும்ங்கிற கேள்விக்கு எந்த டிசைனரும் இதுக்கு மேல பதில் சொல்லிட முடியாது. அப்பத்தாவுக்கு இதை யாரும் சொல்லிக் குடுக்கல. தானே மெழுகி, தானே துடைச்சதால தெரிஞ்சுச்சு.

இங்கதான் எனக்குக் கோவம் வருது. நிறம் பார்க்கிறவர் ஒருத்தர், துடைக்கிறவர் இன்னொருத்தர். அந்த டிசைனர் என் தம்பி மகள்கிட்ட என்னவெல்லாம் கேட்டாருன்னு விசாரிச்சேன். கைப்பிடி வேணுமா வேண்டாமான்னு கேட்டிருக்கார். பளபளப்பா மங்கலான்னு கேட்டிருக்கார். தினம் எத்தனை பேருக்குச் சமையல், மீன் கழுவுவீங்களா, மஞ்சள் அரைப்பீங்களா, சாயங்காலம் வேலைக்கு வர்ற அக்கா எதை வச்சுத் தேய்ப்பாங்கன்னு ஒரு கேள்வி இல்ல. அவ நிக்கிற உசரத்துக்கு மேடை சரியா இருக்கான்னுகூடக் கேட்கல. ரெண்டு அங்குலம் தப்பினா பத்து வருசத்துக்கு இடுப்பு வலி. ஆனா நிறத்துக்கு மட்டும் பதினேழு போட்டோ!

இனி கல்லுக்கு வருவோம். கடையில எல்லாத்துக்கும் 'ஸ்லாப்'னு ஒரே பேரு. ஆனா ஒவ்வொன்னும் ஒவ்வொரு சாதிக் கல்லு.

வெள்ளைன்னதும் முதல்ல காட்டுறது மார்பிள். மார்பிளும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே குடும்பம், ரெண்டும் கால்சியம் கார்பனேட். புளிப்பு பட்டா அதை அரிச்சுரும். எலுமிச்சம்பழத்தை நறுக்கி வச்சு, போன்ல பேசிட்டு வந்து எடுத்தீங்கன்னா அந்த இடம் மங்கிப்போய்க் கிடக்கும். அது கறை இல்ல தேய்ச்சு எடுக்கிறதுக்கு, கல்லோட தோலே போயிருச்சு. புளிக்குழம்பும் ரசமும் மோரும் இல்லாம நமக்கு ஒரு நாள் போகுமா? கோயிலுக்கும் கூடத்துக்கும் மார்பிள் சரி, அடுப்படிக்கு ஆகாது.

நம்ம பழைய வீடுகள்ல போட்ட கடப்பாக் கல்லும் சுண்ணாம்புச் சாதிதான், நிறம் மட்டும் கறுப்பு. அதனாலதான் எங்க வீட்டுப் பழைய கடப்பா மேடையில எலுமிச்சை பட்ட இடமெல்லாம் தேமல் மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. ஆனா விலை மலிவு, ரெண்டு தலைமுறைக்கு உழைச்சுச்சு. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல.

அடுத்தது கறுப்பு கிரானைட். கறுப்புல அழுக்கு தெரியாதுன்னு சொல்றவங்க ஒரு நாளும் கறுப்பு மேடையைத் துடைச்சவங்க இல்ல. கோதுமை மாவு தெரியும். கை ரேகை தெரியும். போர் தண்ணி இருக்கிற வீடுன்னா உப்பு காய்ஞ்சு வெள்ளை வட்டம் வட்டமாத் தெரியும். தெரியாதது ரெண்டுதான்: எறும்பும் கரப்பானும். சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏத்திக் கறுப்புன்னு விக்கிற வேலையும் நடக்குது. நகப்பூச்சு அழிக்கிற தண்ணியைப் பஞ்சுல தொட்டு மூலையில தேய்ச்சுப் பாருங்க. பஞ்சு கறுத்தா அது சாயம்.

அப்புறம் இந்தக் குவார்ட்ஸ். பேரைக் கேட்டா பூமியில வெட்டினதுன்னு தோணும். அது ஆலையில செஞ்ச பலகை. குவார்ட்ஸைத் தூளாக்கி, ரெசின் கலந்து, அழுத்திச் சுட்டு எடுக்கிறாங்க. நிறத்துக்கு நிறம் அச்சு மாதிரி கிடைக்கும், எண்ணெயை உறிஞ்சாது. நல்ல குணம்தான், மறுக்கல. ஆனா ரெசின் சூடு தாங்காது. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியை இறக்கி அது மேல வச்சா தழும்பு விழும். சன்னல் வெயில் வருசக்கணக்கா பட்டா வெள்ளை மஞ்சளாகும். அடுப்புல இருந்து இறக்கினதைப் பக்கத்துல வைக்க முடியாதுன்னா அதுக்கு எதுக்கு மேடைன்னு பேரு?

இதெல்லாம் வாங்குறவர் பாடு. நான் சொல்ல வந்தது இதுக்கும் மேல ஒன்னு.

அந்தப் பலகையில தொண்ணூறு சதவீதத்துக்கு மேலகூட சிலிகா இருக்கும். கிரானைட்டுல அதுல பாதிகூட வராது. அறுக்கிறப்ப, தொட்டிக்கு ஓட்டை போடுறப்ப, ஓரத்தை உருட்டுறப்ப கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்பும். நெஞ்சுக்குள்ள போனா நுரையீரல் தழும்பாகி இறுகிரும். சிலிகோசிஸ்னு பேரு. குணமாக்க மருந்து இல்ல. ஆஸ்திரேலியாவுல இந்தப் பலகை அறுத்த சின்ன வயசுப் பசங்க வரிசையா நோயில விழுந்து, கடைசியில அந்த அரசாங்கம் 2024 சூலை 1-ல இருந்து இதைச் செய்யவும் விக்கவும் அறுக்கவும் பொருத்தவும் தடை போட்டுருச்சு. உலகத்துலயே முதல் தடை அது. முகமூடியும் மிசினும் சட்டமும் இருக்கிற நாட்டுலயே காப்பாத்த முடியலன்னு கையைத் தூக்கிட்டாங்க. நம்ம ஊர்ல அபார்ட்மெண்ட் மொட்டைமாடியில ஒரு பையன் வாயில துண்டைக் கட்டிக்கிட்டு, சொட்டுத் தண்ணி இல்லாம மிசின் வச்சு அறுக்கிறான். கீழ் வீட்டுக்காரங்க சத்தத்துக்குத்தான் சண்டைக்கு வர்றாங்க.

எங்க பக்கத்து ஊர்ல ஒருத்தன் இருக்கான். என்னைவிட இருபது வயசு சின்னவன். வெளியூர்ல கல் அறுக்கிற பட்டறைக்குப் போய் ஒன்பது வருசம் இருந்தான். அங்க குவார்ட்ஸ் இல்ல, சாதாரணக் கல்லுதான். இருமலோட திரும்பி வந்தவனுக்கு டிபின்னு சொல்லி மாசக்கணக்கா மாத்திரை குடுத்தாங்க. கேட்கல. பிறகு பெரிய ஆசுபத்திரியில படம் எடுத்துப் பார்த்து, கல்தூசின்னு சொன்னாங்க. சல்லிக்கட்டுக் காளையைத் தனியாளாப் பிடிச்சுக்கிட்டு வாடிவாசல் வரைக்கும் போனவன், இப்ப கால்வாய்க் கரை ஏற நாலு இடத்துல நிக்கிறான். நான் வண்டியை நிப்பாட்டுனா, "நீங்க போங்கண்ணே, நான் மெதுவா வர்றேன்"னு சிரிப்பான். ஏத்திக்கிட்டுப் போறேன்னு சொன்னா அவனுக்கு வருத்தம். ஏத்தாமப் போனா எனக்கு.

சாதாரணக் கல்லுக்கே இந்த கதி. தொண்ணூறு சதவீதக்காரனை யோசிச்சுப் பாருங்க.

"அப்ப கிரானைட்டே வாங்குறேன்"னு நீங்க சொல்லலாம். அதுக்கும் நான் துள்ளிக் குதிச்சுச் சரின்னு சொல்லப் போறதில்ல.

எங்க ஊருக்குக் கிழக்க ஒரு பாறைக்குன்னு இருந்துச்சு. மலைன்னு வெளியூர்க்காரங்க சொல்ல மாட்டாங்க, எங்களுக்கு அது மலை. மழை பேஞ்சா அந்தப் பாறை மேல விழுற ஒரு சொட்டுத் தண்ணியும் மண்ணுல ஊறாம அப்படியே வழிஞ்சு ஓடையில விழுந்து கண்மாய்க்கு வந்துரும். ஒரு ராத்திரி நல்ல மழைன்னா காலையில மடைக்கல்லு பாதி முங்கியிருக்கும். மேலூர்ப் பக்கம் பெரியாத்துத் தண்ணியில ஒருபோகம்தான், அதுவும் கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள நாத்து முத்திரும். அந்தக் குன்னுதான் எங்களுக்கு ரெண்டாவது கால்வாய்.

குவாரி வந்துச்சு. வயரை வச்சு வெண்ணெய் மாதிரி அறுத்தாங்க. லாரி ராத்திரியும் பகலும் ஓடுச்சு. வெட்டினதுல பாதிக்கு மேல கழிவு. விரிசல் இருந்தா கழிவு, நிறம் ஒரு ஓரத்துல மாறினா கழிவு. இந்த வார்த்தையை நல்லா கவனிங்க. நிறம் மாறினா கழிவு. எங்கயோ ஒருத்தருக்கு ஒரே சீரா வெள்ளை வேணும்ங்கிறதுக்காக, லேசா மஞ்சள் ஓடின கல்லையெல்லாம் ஓடையிலயும் கண்மாய் உள்வாயிலயும் கொண்டாந்து கொட்டினாங்க. வரத்துக்கால் அடைபட்டுச்சு. மழை பேஞ்சாலும் தண்ணி வேற பக்கம் போச்சு. குன்னு இருந்த இடத்துல இப்ப செங்குத்தா ஒரு பள்ளம், அடியில பச்சைத் தண்ணி. ஆடு விழுந்தா எடுக்க முடியாது.

2012-ல மதுரை ஆட்சியரா இருந்த உ. சகாயம் அனுப்பின அறிக்கையில அரசாங்கத்துக்கு இழப்பு 16,000 கோடி ரூபாய்க்கு மேலன்னு கணக்கு இருந்துச்சு. அந்த வருசம்தான் குவாரிகள் நின்னுச்சு. 2014-ல உயர் நீதிமன்றம் அவரையே விசாரிக்கச் சொல்லி ஆணையரா போட்டுச்சு. இதையெல்லாம் நீங்க பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அந்தக் கோடியில எங்க கண்மாய்க்கு என்ன விலை போட்டாங்கன்னு மட்டும் எனக்குப் புரியல. பக்கத்துல அரிட்டாபட்டி மலை தப்பிச்சுச்சு. சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் குடைவரைக் கோயிலும் இருக்கிற மலை. 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம்னு அறிவிச்சாங்க. அங்க சுனையில தண்ணி இருக்கு. எங்க குன்னுல எழுத்து எதுவும் இல்ல, அதனால கேட்க ஆளும் இல்ல.

இப்ப நீங்க என்னைக் கேட்கலாம், உன் வீட்டு மேடை என்னய்யான்னு. நியாயமான கேள்வி. 2009-ல வீடு கட்டுறப்ப நானும் கிரானைட்தான் போட்டேன். ஊர்க் கல்லுங்கிறதால மலிவாக் கிடைச்சுச்சு. கட்டி முடிச்ச அன்னைக்கு மேடையைத் தடவித் தடவிப் பார்த்துப் பெருமைப்பட்டேன். என் வீட்டுக்காரி மட்டும், "இது நம்ம மலையில இருந்த கல்லாங்க?"ன்னு கேட்டா. பதில் சொல்லாம வெளிய போயிட்டேன். அந்தக் கல்லு இன்னைக்கும் கிடக்கு. சாகுற வரைக்கும் அதை மாத்துறதா இல்ல. மாத்த எனக்கு உரிமை இருக்கிறதா நினைக்கல.

தம்பி மகளுக்கும் இதைத்தான் சொல்றேன். உன் வெள்ளை அடுப்படிக்குப் பொருத்தமான நிறம், அங்க ஏற்கெனவே கிடக்கிற நிறம்தான். அதை உடைக்காதே.

மேடைக்கு மேலயும் கீழயும் வரப்போற அலமாரி ஒட்டுப்பலகை. மேல வெள்ளைத் தாள் ஒட்டினது. ஈரம் பட்டா உப்பும், ஓரம் பிரியும். நல்லா வச்சுக்கிட்டாலும் பத்துப் பதினஞ்சு வருசம். கல்லோட வயசு ஐம்பது கோடி வருசத்துக்கு மேல. பதினஞ்சு வருசப் பலகைக்கு நிறம் ஒத்துவரலன்னு ஐம்பது கோடி வருசக் கல்லை உடைக்கிறதா? மாப்பிள்ளைக்குச் சட்டை பத்தலன்னா சட்டையை மாத்துவாங்களா, மாப்பிள்ளையை மாத்துவாங்களா? கல்லு இருக்கட்டும், அதுக்குத் தக்கன பலகைக்கு நிறம் பாரு.

வெள்ளையிலயும் எத்தனையோ வெள்ளை இருக்கு. தும்பைப்பூ வெள்ளை வேற, கொக்கு வெள்ளை வேற, மோர் வெள்ளை வேற, புழுங்கல் அரிசி வெள்ளை வேற. கடையில காட்டுறது டியூப்லைட் வெள்ளை, நீலம் போட்டுத் துவைச்ச வேட்டி மாதிரி. அதுக்குப் பக்கத்துல எந்தக் கல்லை வச்சாலும் மஞ்சளாத்தான் தெரியும், தும்பைப்பூவை வச்சாலும். கொஞ்சம் மோர் கலந்த வெள்ளையை எடு. எங்க கல்லோட சாம்பல் நிறம் அதுல அமைதியா உக்காரும், அந்தச் செவப்புப் புள்ளி எடுத்துக் காட்டும். நீல வெளிச்சம் அடிக்கிற பல்பைக் கழட்டிட்டு இளமஞ்சள் பல்பைப் போட்டுப் பார்த்துட்டு அப்புறம் சொல்லு, கல்லு மஞ்சளா இல்ல பல்பு பொய் சொல்லுச்சான்னு.

எண்ணெய்க் கறை நிசம். அந்தக் கல்லு கொஞ்சம் உறிஞ்சும், எங்க ஊர்க் கல்லுங்கிறதுக்காக மறைக்கப் போறதில்ல. சமையல் சோடாவைத் தண்ணி விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாக் குழைச்சு, கறை மேல அரை விரல் கனத்துக்கு அப்பு. மேல பிளாஸ்டிக் தாளைப் போட்டு ஓரத்தை டேப் ஒட்டி ஒரு நாள் விடு. அடுத்த நாள் தாளை எடுத்துட்டுக் காயவிட்டு வழிச்செடு. உள்ள இருக்கிற எண்ணெயை அது இழுக்கும். ஒரு தடவையில போகாது, மூணு தடவை செய். பிறகு ரெண்டு நாள் நல்லாக் காயவிட்டு, கல்லுக்குப் பூசுற சீலரைப் பூசச் சொல்லு. எப்பப் பூசணும்னு தெரிஞ்சுக்க ஒரு சொட்டுத் தண்ணி போதும். பத்து நிமிசத்துல அந்த இடம் கறுத்தா கல்லு குடிக்குதுன்னு அர்த்தம், பூசு. முத்தா நின்னா விட்டுரு. பாத்ரூம் கழுவுற ஆசிட்டை மட்டும் அது மேல ஊத்திராதே. கல்லுக்குள்ள இரும்புச் சத்து இருக்கு, ஆசிட் பட்டா துரு ஏறி நிசமாவே மஞ்சளாயிரும். ஏற்கெனவே லேசா ஏறியிருக்கிற மஞ்சள் போகாது. அது பதினஞ்சு வருசமா யாரோ ஒரு குடும்பத்துக்குச் சோறாக்கின அடையாளம். இருந்துட்டுப் போகட்டும்.

மேடையே இல்லாத புது வீடு கட்டுறவங்க என்ன செய்யிறதுன்னு கேட்பீங்க. பொடிப்புள்ளி இருக்கிற நடுத்தர நிறமாப் பாருங்க, சாம்பலோ பழுப்போ. மஞ்சளும் தெரியாது, உப்பும் தெரியாது. சுவரும் அலமாரியும் உங்க இஷ்டத்துக்கு வெள்ளையா இருந்துட்டுப் போகட்டும். முழுப் பலகை கேட்கிறதுக்கு முன்னாடி கல் கடையோட பின்பக்கம் போய்ப் பாருங்க. வேற யாரோ மேடைக்கு அறுத்தது போக மிச்சத் துண்டுகள் சுவருல சாத்திக் கிடக்கும். சின்ன அடுப்படிக்கு ரெண்டு துண்டு போதும், விலையும் இறங்கும். நடுவுல ஒரு இணைப்புக் கோடு தெரியும். தெரிஞ்சா என்ன, வேட்டியில கரை இல்லையா? அறுக்கிறப்ப தண்ணி ஊத்தி அறுக்கச் சொல்லி நீங்களே பக்கத்துல நில்லுங்க. வீடு சேறாகும், கழுவிக்கலாம்.

நேத்து ராத்திரி இதையெல்லாம் போன்ல அவகிட்டச் சொன்னேன். முழுசாக் கேட்டா. "நீங்க சொல்றது புரியுது பெரியப்பா. ஆனா அட்வான்ஸ் குடுத்தாச்சு. அத்தை, நாத்தனார் எல்லாரும் அந்த வெள்ளை டிசைனைப் பார்த்துட்டாங்க. பழைய மேடையோட குடிபோனா காசு பத்தலன்னு நினைப்பாங்க"ன்னா. கடைசியாச் சொன்னதுதான் உண்மைன்னு எனக்குத் தோணுச்சு. அவளைத் திட்டத் தோணல. 2009-ல நானும் கடப்பாக் கல்லைப் பேர்த்துட்டு கிரானைட் போட்டது ஊர்க்காரங்க என்ன நினைப்பாங்கன்னுதானே.

வெள்ளிக்கிழமை காலையில உடைக்க ஆள் வருதாம். நான் வியாழக்கிழமை ராத்திரி மேலூர்ல பஸ் ஏறுறேன். என் வீட்டுக்காரி ஒரு டப்பா சமையல் சோடாவையும் ரெண்டு முழக் கரும்பையும் பையில வச்சிருக்கா. பேசிப் பார்ப்பேன். கேட்கலன்னா, சுத்தியலால அடிக்காம ஓரத்துச் சிமெண்டை மட்டும் வெட்டி முழுசாப் பேர்த்துக் குடுங்கன்னு அந்த ஆளுங்ககிட்டக் கையெழுத்தாக் கும்பிட்டுக் கேட்பேன். மதுரைக்கு காய்கறி ஏத்திட்டு வந்து காலியாத் திரும்புற லாரி நிறைய இருக்கு, சென்னையில இருந்து வர்ற ஒரு வண்டிக்காரர்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன். பம்புசெட்டுத் தொட்டிக்குப் பக்கத்துல துவைக்கிறதுக்கு ஒரு கல்லு வேணும்னு வீட்டுல ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காங்க.